பிலோமியின் முன்பல்

பிலோமிக்கு முன்பல் ஆடத் தொடங்கியதிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பில் மீன் கருகினால் கருகட்டும் என்று அவள் வாயைத் திறந்து திறந்து பார்க்கிறேன். "விடும்மா, வலிக்கு" என்று கத்துகிறாள்.

எல்லாம் மூத்தவன் வில்பிரட்டால் வந்த பயம். ஒன்பது வயது அவனுக்கு. விழுந்து முளைத்த பல்லெல்லாம் சுண்ணாம்பும் துருவுமாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் துருப்பல்லன் என்று பட்டம். என் பிள்ளை கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்கிறான். 

போன மாதம் நாசரேத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று கேட்டார். தெருவுக்கே ஒரே கிணறு. அதைக் குடிக்கும் பக்கத்து வீட்டு ஞானபாக்கியத்தின் பிள்ளைகளுக்குப் பல்லில் ஒரு குறையும் இல்லை.

"வேற என்ன குடிக்கான்?" என்றார்.

வேறென்ன, தேயிலைதான். எங்கள் கிணறு உப்பு. தேயிலையைக் கறுக்கக் காய்ச்சிக் கருப்பட்டி போட்டால் உப்பு தெரியாது. தூத்துக்குடியில் கப்பல் கரைக்கு வராது, தூரத்திலேயே நிற்கும். சரக்கை ஏற்றி இறக்குவது தோணிகள். தேயிலைப் பெட்டி உடைந்து சிந்தியது தோணிக்காரர்களுக்கு என்பது வழக்கம். என் வீட்டுக்காரர் பாஸ்கல் தோணித் தண்டல்; தோணியும் ஆட்களும் அவர் பொறுப்பு. மூட்டை கட்டிக் கொண்டுவருவார். உலக யுத்த காலத்தில் பாலுக்கு எங்கே போக? தாய்ப்பால் மறந்த நாளிலிருந்து இரண்டு பிள்ளைகளுக்கும் தேயிலைதான் தண்ணீர். வெறும் உப்புத்தண்ணீர் கொடுக்கிறாளே என்று ஞானபாக்கியத்தை எவ்வளவு கேலி பண்ணியிருப்பேன்!

டாக்டர் நிதானமாகச் சொன்னார். "புளோரின்னு ஒண்ணு இருக்கும்மா. தேயிலைச் செடி அதை மண்ணுலருந்து உறிஞ்சி இலையில சேத்துவைக்கும். முத்தின இலையில அதிகம். தோட்டத்துக்குப் போடுற பாஸ்பேட் உரத்துலயும் அது உண்டு. உரத்தால இலையில எவ்வளவு கூடுதுன்னு அளந்து சொன்னவங்கள எனக்குத் தெரியாது. ஆனா பல்லு ஈறுக்குள்ள உருவாகுறப்பதான் அது கெடுக்கும்."

"சின்னவளுக்கு ஆறு வயசு ஐயா. இப்ப நிறுத்தினா?"

"முன்பல் உள்ள உருவாகி முடிஞ்சிருக்கும். வரட்டும், பாப்போம்."

அந்த உரமூட்டையைக் கப்பலிலிருந்து கரைக்கு இறக்குவதும் என் வீட்டுக்காரர் தோணிதான். மலைத் தேயிலைத் தோட்டத்துக்கு மூட்டையாகப் போய், இலையாகத் திரும்பி, என் பானைக்குள் வந்திருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் தேயிலையை டப்பாவோடு சாக்கடையில் கொட்டினேன்.

"ஏளா, கிறுக்கு பிடிச்சிட்டா?" என்று பாஸ்கல் கத்தினார். "நானும் காலமெல்லாம் குடிக்கேன். என் பல்லுக்கு என்ன?"

"நீரு பல்லு முளைச்ச பொறவு குடிச்சீரு. இதுகளுக்கு முளைக்குமுன்னயே நான் ஊத்திட்டேனே!"

 அன்றிலிருந்து அவர் உடைந்த பெட்டியில் கை வைப்பதில்லை.

பல் விழுந்தது. மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்தேன். மூன்று வாரம் தினமும் ஈற்றைத் தடவினேன். இன்று காலை விரலில் கூராகப் பட்டது. வெளிச்சத்தில் இழுத்துவந்து பார்த்தேன். குறுக்கே வெள்ளையாக, சுண்ணாம்புக் கோடு. முந்தானையால் தேய்த்தேன். அழுத்தித் தேய்த்தேன். போகவில்லை.

"பல்லு வந்துட்டாம்மா?" என்று பிலோமி வாயெல்லாம் சிரித்தாள்.

தெருவில் யாரோ வந்தார்கள். என்னையறியாமல் என் கை அவள் வாயைப் பொத்திவிட்டது.