பூஜ்யத்துக்கு ஒரு கையெழுத்து

என் அண்ணனின் கையெழுத்தைப் பார்த்தாலே எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. தலையில் ஒரு சுழி, வாலில் ஒரு சுழி, நடுவில் யாருக்கும் புரியாத கிறுக்கல். அந்தக் கையெழுத்துக்காகத்தான் ஒரு வருடமாக அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

திரைச்சீலை தைத்துக் கொடுக்கும் கடை எங்களுடையது. வெட்டுவதும் தைப்பதும் நான். கல்லாவில் உட்கார்ந்து காலாட்டுவது அவர். ஆனால் பதிவு அவர் பெயரில். தெருவைத் தோண்டிப் போட்டுவிட்டுப் போனார்கள். அதன் பிறகு கடைக்கு ஈ காக்காய்கூட வரவில்லை. விற்பனை இல்லையென்றால் வரியும் இல்லை. ஆனாலும் மாநில வணிக வரிப் படிவத்தில் பூஜ்யம் என்று எழுதிக் காலாண்டுதோறும் தாக்கல் செய்தே ஆகவேண்டும் என்று எங்களுக்குக் கணக்கு எழுதித் தரும் கணக்காளர் படித்துப் படித்துச் சொன்னார். நான் எழுதி நீட்டுவேன். அண்ணன் தொடவே மாட்டார்.

"வரியே இல்லாததுக்கு எதுக்குப் படிவம்? என் கடையில ஒண்ணும் ஓடலன்னு நானே எழுதிக் கையெழுத்துப் போடணுமா? நாலு பேர் பார்த்தா காறித் துப்புவாங்க."

நாலு பேர் எங்கே பார்க்கப்போகிறார்கள்? பார்ப்பது ஒரு குமாஸ்தா. வீம்பு பிடித்தவருக்கு அதை யார் சொல்வது? வந்த நினைவூட்டல் கடிதங்களை மடித்து, ஆடுகிற வெட்டு மேசையின் காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, அதையும் ஒரு கெட்டிக்காரத்தனமாகச் சொல்லிக்கொண்டார்.

பிறகு ஒரு மருத்துவமனையிலிருந்து, எல்லா வார்டுகளுக்கும் படுக்கை மறைப்புத் திரை வேண்டுமென்று கேட்டார்கள். கடை எழுந்து நிற்க அந்த ஒரு ஆர்டர் போதும். பிரித்துப் பிரித்துத் தைத்து ஒரு மாதிரித் திரை கொண்டுபோனேன். கொள்முதல் அதிகாரி மடிப்பை விரலால் தடவிப் பார்த்து, தையல் சுத்தமாக இருக்கிறது என்றார். அப்புறம் பதிவு எண்ணைக் கணினியில் தட்டினார். படிவம் தாக்கல் செய்யாததால் பதிவு ரத்தாகியிருந்தது. ரத்தான கடைக்கு ஆர்டர் தர வழியில்லை என்று சொல்லி, திரையை மடித்துக் கையில் கொடுத்துவிட்டார்.

மறுநாள் அண்ணனை வரி அலுவலகத்துக்கு இழுத்துப் போனேன். விட்டுப்போன படிவங்கள் அத்தனையும் போட்டால் பதிவு திரும்பும், ஒவ்வொன்றுக்கும் தாமதக் கட்டணம் உண்டு என்றார் குமாஸ்தா. ஒரு பூஜ்யத்துக்கு வெட்கப்பட்ட மனிதர், வரிசையாகப் பூஜ்யம் பூஜ்யமாகக் கையெழுத்துப் போட்டார், ஒரு சுழிகூடக் குறையாமல். வரி பாக்கி ஒரு காசு கிடையாது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெருமை வேறு. குமாஸ்தா நிமிரவே இல்லை.

பேனா கசிந்து அண்ணன் விரலெல்லாம் மை. என் பையில் துருத்திக்கொண்டிருந்த வெள்ளைத் துணியை உருவித் துடைத்தார்.

"அண்ணா, அது ஆஸ்பத்திரிக்குத் தைச்ச சாம்பிள்."

"இனிமே அது எதுக்கு?"

என்ன ஜென்மம் இது. துணியை அவரிடமே விட்டுவிட்டு, குமாஸ்தாவிடம் புதுப் பதிவுக்கு ஒரு படிவம் கேட்டேன், என் பெயரில். இதுவரை ஆன விற்பனை எவ்வளவு என்று அதில் ஒரு கட்டம் இருந்தது. அண்ணன் எட்டிப் பார்த்தார். அவர் கண்ணெதிரிலேயே பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.