பொறிகளுக்குப் பூசை

நரி பிடிக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது எங்கள் தமிழ்ச் சனம் கூடும் லா சப்பலில் சிரிக்காத ஆள் இல்லை. சிரிக்கட்டும். நான் கோப்பை கழுவும் இடத்துக்கு அவர்களில் ஒருவராவது இறங்கிப் பார்த்திருந்தால் சிரித்திருக்க மாட்டார்கள். உணவகத்துக்கு அடியில், ஜன்னலே இல்லாத நிலவறை. மத்தியானம் கழிந்து இறங்கினால் நான் மேலே வரும்போது ஊர் இருண்டுபோயிருக்கும். வந்து இரண்டு வருடமாக அதே சுவர், அதே நீராவி. எனக்கு வானம் வேண்டும். ஒரு குளிர் மாரிகாலமாவது விடியற்காலையில் வெளியில் நிற்க வேண்டும். நரித்தோல் அதற்கு ஒரு சாட்டு என்று யாரும் சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

கூட்டாளி அந்துவான் அண்ணை. புதுச்சேரிக்காரர், தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர், புறநகரான லெ பிளாங்-மெனிலில் வீடு. எங்கள் தெருக் கடையில் அரிசி வாங்க வந்த இடத்தில் பழக்கமானவர். அவருக்கும் வீட்டில் சும்மா இருந்து விசர் பிடித்துப்போயிருந்தது. இலையுதிர் காலத்தில் இரண்டு பேரும் பயிற்சிக்குப் போய் பொறி வைக்கும் அனுமதி அட்டை எடுத்துவிட்டோம். அவர் அதுவரை தபால்தலையில் முத்திரை குத்தியதைத் தவிர ஒன்றுக்கும் தீங்கு செய்யாதவர். நானோ எலிக்கே பயந்தவன். ஆனால் அட்டை கையில் வந்த அன்று நாங்கள் நடந்த நடையைப் பார்க்க வேண்டும்.

குளிர் இறுகினால்தான் நரிக்கு மயிர் அடர்த்தியாகும். கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்திலேயே தோல் வியாபாரிகளின் தெருக்கள் இருந்தன. அங்கே ஒருவர், நல்ல தோல் கொண்டுவந்தால் வாங்குகிறேன் என்றார். ஆக, வாங்க ஆளும் இருந்தார், அட்டையும் இருந்தது. இல்லாதது காடு. பண்ணை பண்ணையாக ஏறி இறங்கினோம். எங்கள் முகத்தைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்கள். கடைசியில் ஓல்னே-சூ-புவாவையும் தாண்டி, ரயில் முடிகிற இடத்துக்கு அப்பால், மர்கரீத் என்ற விதவையின் பண்ணை. அவளுடைய கோழிகளை நரி தூக்கிக்கொண்டிருந்தது. ஆனால் பக்கத்து ஊர் வின்சன்ற் என்பவனும் அதே காட்டைக் கேட்டிருந்தான்.

"ஞாயிற்றுக்கிழமை இரண்டு பகுதியும் பொறிகளோடு வாருங்கள். பார்த்துவிட்டு ஒருவருக்குத்தான் தருவேன்" என்றாள் மர்கரீத்.

அந்த ஞாயிறு தவறினால் எங்களுக்கு வேறு இடமில்லை, இந்த மாரிகாலமும் நிலவறையோடு சரி.

நரிக்கு மூக்குத்தான் எல்லாம். புதுப் பொறியில் பட்டறை எண்ணெய் நாறும், மனிதக் கை பட்டாலும் நாறும். அதனால் அண்ணை வீட்டுக் கொல்லையில் கிடாரம் வைத்து, வால்நட் கொட்டையின் பச்சை மேல்தோல் போட்டு, இரும்பு கறுக்கும்வரை பொறிகளை அவித்தோம். பிறகு உருக்கிய தேன்மெழுகில் முக்கி எடுத்தோம். அண்ணை அந்த நாட்களில் சிகரெட்டைத் தொடவில்லை. அவருடைய கராஜில் பெற்றோல் மணம் என்பதால், பொறிகளை என் ஐந்தாம் மாடி ஜன்னலுக்கு வெளியே இரும்புக் கம்பியில் காற்றுக்குத் தொங்கவிட்டோம். கையுறை போடாமல் நான் கிட்டப் போகவே இல்லை.

"உந்த இரும்புகளிலை வைக்கிற கண்ணிலை பாதியை எனக்கு வைச்சிருந்தால் நான் தேறியிருப்பன்" என்றாள் என் மனைவி ஜெகதீஸ்வரி.

எனக்கு இருந்த சந்தோஷப் புளுகத்தில் அது காதில் ஏறவில்லை.

ஞாயிறு விடிய ஜன்னலைத் திறந்தேன். ஒவ்வொரு பொறிக்கும் சந்தனம், சந்தனத்துக்கு மேல் குங்குமம். சாம்பிராணி மணம் அறைக்குள்ளேயே வந்து அடித்தது.

"என்னடி செய்து வைச்சிருக்கிறாய்?"

"நேற்று நீங்கள் வேலைக்குப் போன பிறகு பூசை செய்தனான். புது ஆயுதம். நவராத்திரி ஆயுதபூசை முடிஞ்ச பிறகு வீட்டுக்கு வந்தது. பூசை இல்லாமல் கொண்டுபோறதோ?"

"நரி என்ன கோயிலுக்கே வருகுது? மணம் இருக்கக்கூடாது எண்டுதானே நாங்கள் கிடந்து மாய்ஞ்சது."

"எனக்குச் சொன்னனீங்களோ? சொல்லியிருந்தால் பூசையை முதல் செய்திருப்பன். பிறகு நீங்கள் ஆறுதலாக அவிச்சிருக்கலாம்."

அவள் சொன்னது சரியென்று தெரிந்ததால் கோபம் இன்னும் கூடிவிட்டது. வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். அவள் கோட்டை எடுத்துப் போட்டாள்.

"நானும் வாறன். கெடுத்தது நான். அந்த மனுசியிட்டை நானே சொல்லுறன்."

"என்ன பாஷையிலை?"

"அதை அங்கை பாப்பம்."

காரோடு கீழே நின்ற அந்துவான் அண்ணை நான் இறக்கிவந்த பொறிப் பெட்டியைத் திறந்து முகர்ந்தார். "தம்பி, சர்ச்சுல தூபம் போட்டாப்ல இருக்கே" என்றார். துடைக்க வழியில்லை, மெழுகு மணத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டுவிட்டது.

ஆனால் பண்ணையில் இறங்கியதும் என் நெஞ்சு துள்ளியது. உழுத வயலில் வெண்பனி, அதற்கு அப்பால் காடு, மேலே தடுப்பே இல்லாத வானம். இதை விட்டுக்கொடுக்க முடியாது என்று நினைத்தேன். வின்சன்ற் முந்திக்கொண்டு வேலி ஓரமாகப் பொறி வைத்து முடித்திருந்தான். கடையிலிருந்து வந்த எண்ணெய் அப்படியே மினுங்கியது.

"இனி உங்கள் முறை" என்றாள் மர்கரீத்.

நான் அண்ணையின் காதில் சொன்னேன்: "வைப்பம். மணத்தை ஆர் கண்டது? இண்டைக்குக் காடு கையிலை வந்தால் போதும்."

"நீயே எடுத்து வை தம்பி. ஒனக்கு மனசு வந்தா வை" என்றார் அவர்.

ஒரு பொறியைத் தூக்கினேன். சந்தனம் மூக்கில் ஏறியது. நரி ஒருமுறை இதை முகர்ந்தால் இந்தக் காலம் முடியும்வரை அந்த வேலிப்பக்கம் வராது. மர்கரீத்தின் கோழிகள் போய்க்கொண்டேயிருக்கும், நாங்களும் வெறுங்கையோடு வந்து போய்க்கொண்டிருப்போம். பொறியைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தேன்.

"மதாம், இன்றைக்கு வைக்க மாட்டோம். எங்கள் பொறிகள் மணக்கின்றன" என்றேன் என் உடைந்த பிரெஞ்சில்.

வின்சன்ற் வாய்விட்டுச் சிரித்தான். ஜெகதீஸ்வரி முன்னால் வந்தாள். பொறியில் இருந்த குங்குமத்தைக் காட்டினாள், தன் நெற்றியைக் காட்டினாள், கையைக் கூப்பினாள், பிறகு தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்தாள். மர்கரீத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அவள் சீழ்க்கை அடித்தாள். கொட்டிலுக்குள் இருந்து ஒரு நாய் மூன்று காலில் வந்தது. போன மாரியில் ஒருவன் பொறியை வைத்துவிட்டு நாட்கணக்காக எட்டியும் பார்க்கவில்லை, அதில் மாட்டிக் கிடந்தது இதுதான் என்றாள். பிறகு எல்லாரிடமும் ஒரே கேள்வி கேட்டாள்: தினமும் விடியற்காலையில் வந்து பொறிகளைப் பார்ப்பீர்களா?

"முடிந்த நாட்களில் வருவேன்" என்றான் வின்சன்ற்.

"தினமும்" என்றேன் நான். முதல் ரயிலில் வருவேன் என்றேன். வேலை முடிந்து தூங்காமலே வருவேன் என்றும் சொன்னேன், அதுவும் உண்மைதான்.

"அப்படியானால் காடு உங்களுக்கு" என்றாள் மர்கரீத்.

அந்துவான் அண்ணை என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்தார். அன்றைக்கே திரும்ப அவிக்கத் தொடங்கினோம். பன்றிக்குத் தீன் காய்ச்சும் கிடாரத்தை மர்கரீத் தந்தாள், முற்றத்தில் வால்நட் தோல் கறுத்துக் குவிந்துகிடந்தது. தடியால் கிளறும் வேலையை ஜெகதீஸ்வரி வாங்கிக்கொண்டாள்.

பின்னேரம் அண்ணை காரைத் திருப்பினார்.

"வா, போவம்" என்றேன்.

"கொஞ்சம் நில்லுங்கோ."

தடியை வைத்துவிட்டு வயல் விளிம்புவரை நடந்துபோனாள். முகத்தை மேலே தூக்கி, சால்வையை இறக்கிவிட்டு அப்படியே நின்றாள். காற்று அடித்தது, அவள் அசையவில்லை. எங்கள் ஒற்றை அறைக்கு இருக்கும் ஒரே ஜன்னலில் இத்தனை நாளும் பொறிகளைக் கட்டித் தொங்கவிட்டவன் நான். நிலவறையில் இருந்தது நான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிட்டப் போய், "நாளைக்கு முதல் ரயில்" என்றேன்.

"தெரியும். எனக்கும் சேர்த்து டிக்கட் எடுங்கோ" என்றாள்.