பத்தாயிரம் பொய்ப் பட்டன்கள்

உலகத்துப் பட்டன்களில் பாதி அந்தக் கடையில்தான் குடியிருந்தன. மீதிப் பாதி இடம் கேட்டு வாசலில் வரிசையில் நின்றன. இந்தச் சமுத்திரத்தை இணையதளத்தில் ஏற்றியவள் கடைக்காரரின் மருமகள். நிரல் எழுத அவளுக்குத் தெரியாது. படத்தையும் எழுத்தையும் மவுஸால் இழுத்து வைத்தாலே பக்கமாகிவிடும் ஒரு சாப்ட்வேரை வைத்துக்கொண்டு, பட்டனுக்கு ஒரு பக்கமாக இரண்டாயிரத்து நானூறு பக்கங்கள் போட்டிருந்தாள். கல்யாணமாகி வந்த வீட்டில், இது நான் செய்தது என்று அவள் நிமிர்ந்து சொல்ல முடிந்த முதல் காரியம் அது.

அவள் கொழுந்தன் கம்ப்யூட்டர் கம்பெனியில் நிரல் எழுதுகிறவன். இழுத்து வைக்கிற சாப்ட்வேரெல்லாம் பத்துப் பக்கத்துக்குத்தான், பெரிய தளத்தை ஏற்றினால் இன்றில்லாவிட்டால் நாளை படுத்துவிடும் என்று அவன் தினமும் சாப்பாட்டு மேஜையில் முழங்கியதில் அடுத்த தெருச் சாப்பாடும் ஆறிப்போனது.

அந்த நேரம் பார்த்துக் கடையின் தொலைபேசி எண் மாறியது. வெள்ளிக்கிழமை மாலையோடு பழைய எண் செத்துவிடும். அதற்குள் எல்லாப் பக்கத்திலும் புது எண் வராவிட்டால், தளத்தைக் கொழுந்தனின் நண்பன் நடத்தும் கம்பெனியிடம் கொடுத்துவிடுவதாக மாமனார் சொல்லிவிட்டார். அவருக்குக் கோபமில்லை, ஆர்டர் போய்விடுமே என்ற கவலை.

அவளோ பழைய எண்ணை ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தனித்தனியாகத் தட்டி வைத்திருந்தாள். வியாழன் காலை உட்கார்ந்தாள். ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு பிள்ளை பிறந்து, தவழ்ந்து, பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிடும். மத்தியானத்துக்குள் நூற்றுப் பதினேழு பக்கம்தான் முடிந்தது. மீதியை எண்ணிப் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திறந்தாள்.

லீவில் இருந்த கொழுந்தன் பின்னால் வந்து நின்றான். கேலி வரப்போகிறது என்று தோளை இறுக்கிக்கொண்டாள்.

"அண்ணி, ஒவ்வொண்ணாவா மாத்துறீங்க?"

"பின்ன எப்படி தம்பி? மந்திரம் போட்டா மாத்த முடியும்?"

அவன் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அதே சாப்ட்வேரில் அவள் எட்டிக்கூடப் பார்க்காத ஒரு மூலையைத் திறந்தான். ஒரே ஒரு பக்கத்தை அச்சாகச் செய்துவிட்டு, பட்டன்களின் விவரத்தைப் பட்டியலாகக் கொடுத்தால், மற்றதையெல்லாம் அதுவே வார்த்துக்கொள்ளுமாம். எண்ணையும் அச்சில் ஒரு தடவை மாற்றினால் போதுமாம். கடையின் சரக்குப் பட்டியலை ஏற்றி, இருவருமாகப் படங்களைச் சரிபார்த்தார்கள். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு எல்லாப் பக்கத்திலும் புது எண் உட்கார்ந்திருந்தது.

மாமனார் வந்து பார்த்தார். மகன் பக்கம் திரும்பினார்.

"நீதானடா குதிச்சே. இப்பச் சொல்லு, இது பெரிய வெப்சைட்டைத் தாங்குமா, தாங்காதா?"

அவன் தரையைப் பார்த்தான். "தாங்கும்ப்பா. கொஞ்சம் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். பத்தாயிரம் பக்கத்துக்கு மேல எப்படின்னு தெரியாது. நான் அதுவரைக்கும்தான் போட்டுப் பாத்தேன்."

"எப்போ போட்டுப் பாத்தீங்க?" என்றாள் அவள்.

காது சிவக்க ஒப்புக்கொண்டான். அண்ணியின் தளம் படுத்துவிடும் என்று நிரூபிக்கவே, மூன்று வாரம் உட்கார்ந்து, அதே சாப்ட்வேரில் தனியாக ஒரு தளம் போட்டு, இல்லாத பட்டன்களாகப் பத்தாயிரம் படம் செய்து ஏற்றியிருக்கிறான். பாவி சாப்ட்வேர் படுக்கவே மாட்டேன் என்றுவிட்டது.

"தெரிஞ்சப்புறமும் ஏண்டா பேசிட்டே இருந்தே?"

"பழகிடுச்சுப்பா."

நண்பனிடம் வேண்டாமென்று சொல்லிவிடச் சொன்னார் மாமனார். தளம் மருமகளிடமே இருக்கட்டும்.

அவள் கொழுந்தனை எழுந்துபோக விடவில்லை. அந்தப் பத்தாயிரத்தையும் காட்டச் சொல்லி வரிசையாகப் பார்த்தாள். வீம்பில் பிறந்தவை என்றாலும், நாலைந்து அவளுக்கு நிஜமாகவே பிடித்துப்போயின. இவற்றைச் செய்யக் கொடுத்துக் கடையில் விற்கலாமே என்று மாமனாரைக் கூப்பிட்டாள்.