ஆம்பூருக்கு வந்த கடல்

வேலூரில் பள்ளி வாத்தியாராக இருந்த தேவசகாயத்துக்குக் கிளிஞ்சல் பைத்தியம். உயிருள்ள கிளிஞ்சல் அல்ல. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் கடலடியில் புதைந்து கல்லாகிப் போனவை. மதராசில் படித்தபோது பிடித்த பைத்தியம், கல்யாணமாகியும் தெளியவில்லை. வட ஆற்காடு ஜில்லாவிலோ கடலும் இல்லை, கிளிஞ்சலும் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் கருங்கல் மலைதான். கடலில்லாத ஊரில் வலை வீசினவன் மாதிரிதான் அவர் ஆராய்ச்சி நடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும், கூடப் படித்த ரஃபி அகமதைப் பார்க்க ஆம்பூர் போனார். ரஃபி அகமதுக்குத் தோல் பதனிடும் மண்டி. தோலின் மயிரை உதிர்க்கச் சுண்ணாம்புத் தொட்டியில்தான் ஊறப்போடுவார்கள். தொட்டியோரம் குவித்திருந்த சுண்ணாம்பில் சூளையில் வேகாத கல் ஒன்று கிடந்தது. அதன் நடுவில் விசிறி மடிப்பாக ஒரு கிளிஞ்சல்!

தேவசகாயம் கல்லை எடுத்துத் துடைத்துப் பார்த்தார். “ரஃபி, இது எங்கேர்ந்து வருது?”

“சுண்ணாம்பா? மலைக்கு அந்தாண்ட, பச்சையப்பன் சூளைலேர்ந்து.”

அவ்வளவுதான். மலைக்கு அந்தாண்ட ஓடினார். சூளையில் அன்று ஆளில்லை. சுற்றிலும் சிதறிக் கிடந்த கல்லில் மேலும் நாலைந்து கிளிஞ்சல் அகப்பட்டன. அச்சு அசல் அரியலூர்ப் பக்கத்துக் கிளிஞ்சல் போலவே இருந்தன. அவர் மனம் சட்டென்று ஒரு தாவு தாவியது: அரியலூரை மூடியிருந்த ஆதிக் கடல் ஆம்பூர் வரைக்கும் நீண்டிருக்கிறது! மதராசில் தனக்குப் பாடம் சொன்ன புரொபசர் ராமலிங்கத்துக்கு உடனே தந்தி கொடுத்தார்.

சேதி பரவி ஊரே அமளிதுமளிப்பட்டது. கடல் திரும்பி வருமா என்று சிலர் கவலைப்பட்டார்கள். ரஃபி அகமதின் மனைவி வஜீதா, “போன கடல் மீனையாவது வுட்டுட்டுப் போயிருக்கக் கூடாதா?” என்று அலுத்துக்கொண்டாள். ரஃபி அகமதோ, புரொபசர் வருகிறார் என்றதும் கொட்டகை போட்டுக் கூட்டத்துக்கே ஏற்பாடு செய்துவிட்டார்.

கூட்டத்தன்று புரொபசரை வரவேற்கத் தேவசகாயம் புதுக் கோட்டு மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். பக்கத்து லைனில் ஒரு கூட்ஸ் வாகன் நின்றது. பச்சையப்பனும் ஆட்களும் அதிலிருந்து கல்லை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மேலாகக் கிடந்த கல்லில் ஒரு கிளிஞ்சல் அவரைப் பார்த்துப் பல்லிளித்தது.

“பச்சையப்பா, இது இன்னா கல்லு?”

“சூளைக்கு சார். அரியலூர்லேர்ந்து வருது.”

 வந்த வழியே ஓடிப்போய்விடலாமா என்று தேவசகாயத்துக்குத் தோன்றியது. அதற்குள் மதராஸ் வண்டி வந்து, புரொபசர் இறங்கிவிட்டார்.

“எங்கேப்பா உன் கடல்?”

“அதோ சார், பக்கத்து லைன்ல நிக்குது” என்றார் தேவசகாயம் பரிதாபமாக.

புரொபசர் வாகனைப் பார்த்தார், கிளிஞ்சலைப் பார்த்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாகனுக்குள் ஏறிவிட்டார். “வந்த கடலை ஏன் விடணும்? நீயும் ஏறு!” இருவரும் கல்லைப் புரட்டினார்கள். அடியில், எந்தப் புஸ்தகத்திலும் கண்டிராத முள் முதுகுக் கிளிஞ்சல் ஒன்று கிடைத்தது.

உடம்பெல்லாம் கல்தூசியோடு கூட்டத்தில் மேடை ஏறி நின்றார் தேவசகாயம். “ஆம்பூருக்குக் கடல் வந்தது நெசம்தான். கூட்ஸ் வண்டியில வந்துச்சு. நான்தான் அவசரப்பட்டுட்டேன்.” கொட்டகை அதிரச் சிரித்தார்கள். முதலில் கூசிப்போன தேவசகாயத்துக்கும் கடைசியில் சிரிப்பு வந்துவிட்டது.

அதன்பின் லீவு விட்டால் அரியலூருக்கு ரயிலேறிவிடுவார். வெயிலில் கறுத்து, சுண்ணாம்புப் பாறைகளைத் தட்டித் தட்டி, அந்த முள் முதுகுக்காரனின் கூட்டாளிகளைச் சேர்த்தார். பல வருஷம் கழித்து அவர் கட்டுரை அச்சேறியது. புதுக் கிளிஞ்சலுக்கு ரஃபி அகமதின் பெயரையே வைத்திருந்தார்.

விஷயத்தைக் கேட்ட ரஃபி அகமது மண்டியில் எல்லோருக்கும் சாயா வரவழைத்தார். பிறகு நண்பரைத் தனியாக இழுத்துப்போய் மெல்லக் கேட்டார்:

“தோஸ்த், நெசமா சொல்லு. அதுக்கு முள்ளு ஜாஸ்தியா?”

“கொஞ்சம் ஜாஸ்திதான்.”

“வஜீதாகிட்ட மட்டும் சொல்லாத. பேரு பொருத்தம்தான்னுடுவா” என்றார் ரஃபி அகமது.