ஒட்டாத தோல்

ஜோதிலட்சுமியின் மகளைப் பிறந்தவுடன் நர்ஸ் துடைத்தபோது குதிகால் தோல் துணியோடு வந்துவிட்டது. பட்டினப்பாக்கத்து மீனவக் குப்பத்திலிருந்து பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எட்ட நின்றே பார்த்துவிட்டுப் போனார்கள். மாமியார் தாயம்மாவோ, கிரகணத்தன்று வெளியே திரிந்ததால் வந்த வினை என்று வந்தவர்களிடமெல்லாம் மருமகளைக் குற்றம் சொன்னாள். அதைக் கேட்டும் கணவன் விக்கி ஒன்றும் பேசாமல் மீன் இறக்கப் போய்விடுவான்.

பரிசோதனை முடிவு வந்ததும் தோல் டாக்டர் ஷ்ரேயா கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்துப் பேசினாள். மேல்தோலுக்கும் அடித்தோலுக்கும் நடுவில் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறதாம். மேல்தோலின் செல்கள் அதைப் பற்றிக்கொண்டுதான் நிற்குமாம். காயம் பட்டால் சுற்றியிருக்கும் செல்கள் அதைப் பிடித்துத்தான் ஊர்ந்து வந்து காயத்தை மூடுமாம். அந்தச் சவ்வில் பசைபோல இருக்கவேண்டிய ஒரு புரதம் இந்தக் குழந்தைக்குப் பிறவியிலேயே இல்லை. லேசாக உரசினாலும் தோல் கழன்றுவிடும், கழன்ற இடத்தில் புதுத்தோல் வந்து பிடிக்கவும் வழியில்லை. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் ஆளுக்குப் பாதியாக வந்த குறை இது, யார் செய்த தப்பும் இல்லை என்றாள்.

"ஆறிடுமா டாக்டரம்மா?"

"இந்த வகைக்கு இன்னும் மருந்து வரலம்மா. வலி தெரியாம பாத்துக்கலாம்."

அதன்பிறகு ஜோதிலட்சுமி எல்லாம் கற்றுக்கொண்டாள். கொப்புளத்தை ஊசியால் மெல்லக் குத்தி நீர் வடிய விடுவாள். ஒட்டாத துணியால் காயத்தைச் சுற்றுவாள். வாயெல்லாம் புண் என்பதால் பாலைப் பீய்ச்சிச் சொட்டுச் சொட்டாக விடுவாள். அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது. மெத்தையோடு சேர்த்தே தூக்கவேண்டும். தர்ஷிகா என்று பெயர் வைத்த அந்தக் குழந்தையை அவள் ஒருநாளும் மார்போடு அணைத்ததில்லை.

நாலாம் மாதம் குழந்தையின் குரல் கம்மியது. மூச்சு இழுத்தது. மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தொண்டைக்குள்ளும் தோல் உரிகிறது என்று ஷ்ரேயா சொன்னபோது ஜோதிலட்சுமி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஒரு தபா நெஞ்சுல வச்சிக்கட்டுமா? உரிஞ்சாலும் நான் பாத்துக்கறேன்."

ஷ்ரேயா குழந்தைக்கு வலி மருந்து கொடுத்துச் சற்று நேரம் காத்திருந்தாள். பிறகு தானே மெத்தையைச் சரித்து, குழந்தையை அவள் மார்பில் கிடத்தினாள். தர்ஷிகா அழவில்லை. கன்னத்தை அவள்மேல் சாய்த்துக்கொண்டு தூங்கியது. மறுநாள் காலை அவள் மார்பிலேயே மூச்சு அடங்கியது.

குழந்தையை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றே, துக்கம் கேட்க வந்த பெண்களிடம் தாயம்மா மறுபடியும் கிரகணத்தை இழுத்தாள். சுவரோரம் உட்கார்ந்திருந்த விக்கி எழுந்து நின்றான்.

"அவள ஏன் சொல்லிக்கினே கீற? பாதி எங்கிட்டேர்ந்து போனதும்மா. உன் புள்ளகிட்டேர்ந்து."

வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

இதைக் குழந்தை உயிரோடு இருந்தபோதே சொல்லியிருக்கலாமே என்று ஜோதிலட்சுமிக்குத் தோன்றியது. ஆனால் காலையிலிருந்து அவனும் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. பக்கத்து வீட்டார் கொடுத்துவிட்டுப் போயிருந்த சோற்றைத் தட்டில் போட்டு அவன் முன்னால் வைத்தாள்.