தாராபுரத்துக் கிணற்று வாசல்

தாராபுரத்துப் பெண்கள் குடிதண்ணீர் அள்ளும் கிணற்றைச் சுற்றி அரசாங்கக் கந்தோர் ஆட்கள் வேலி அடைத்து, வாசலுக்குப் படலைக் கதவும் போட்டுவிட்டுப் போனார்கள். அந்த மாரிகாலத்திலேயே சித்தி மரியம் என்பவளின் மகள் வயிற்றோட்டத்தில் துவண்டு விழுந்தாள்.

படலையில் குறை சொல்ல முடியாது. பாலைமரப் பலகை, இரும்புக் கொளுக்கி. ஆனால் இடுப்பில் குடமும் கையில் வாளியுமாக வருகிறவள் எந்தக் கையால் கொளுக்கியை மாட்டுவாள்? படலை எந்நேரமும் ஆவென்று திறந்தே கிடந்தது. ஊர் இருந்த தீவெங்கும் கேட்பாரற்றுத் திரிந்த கழுதைகள் உள்ளே நுழைந்து, சிந்திய தண்ணீரைக் குடித்து, கிணற்றடியிலேயே விட்டை போட்டன. மழை பெய்ததும் அத்தனையும் கிணற்றுக்குள் இறங்கியது.

மகள் எப்படியோ பிழைத்து எழுந்தாள். படலையைச் சாத்தாதவள் யார் என்று தெருவில் ஒரே ஏச்சும் பேச்சும். மரியம் மட்டும் யாரையும் ஏசவில்லை. தானும் எத்தனையோ தடவை சாத்தாமல் வந்தவள்தான்.

ஒருநாள் அவள் வீட்டு வேலிக்கும் பக்கத்து வேலிக்கும் நடுவே இருந்த ஒடுங்கிய ஒழுங்கைக்குள் ஒரு கழுதை புகுந்தது. ஒழுங்கை வளையும் மூலைவரை வந்தது, அங்கே திரும்ப முயன்றது, முடியவில்லை. வந்த வழியே பின்னுக்கு நடந்து போனது. மரியம் கையிலிருந்த சுளகை வைத்துவிட்டு அந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கருவாடு விற்கப்போன கணவன் சரிபுதீன் வந்ததும் முதல் பேச்சு இதுதான்.

"இஞ்சேருங்கோ, கிணத்தடிப் படலையைக் கழட்டுங்கோ."

"கழட்டினா கழுதை வராதோ?"

"வரும். ஆனா உள்ளுக்குப் போகேலாது. அது நீட்டு உடம்பு, வளையாது. நாங்கள் வளைவம்."

விறகுக் கட்டைகளை முற்றத்தில் அடுக்கி அவள் காட்டினாள். நுழைந்ததும் எதிரே ஒரு மறிப்பு. வலப்பக்கம் திரும்பி, உடனே இடப்பக்கம் திரும்பினால் கிணறு. கதவே இல்லாத வாசல். சரிபுதீன் கட்டைகளைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, நடுவதற்குப் பனைமரக் குத்திகள் தேடிப் போனான்.

எவ்வளவு அகலம் விடுவது? தெருவிலேயே பருத்த ஆளான ஆசியா உம்மாவை மரியம் குடத்தோடு கூட்டிவந்து நிறுத்தினாள்.

"என்னையோடீ அளவுகோலாக்கினனீ?" என்று அவர் சிரித்தார்.

"நீங்கள் போனா ஊரே போகும் மாமி."

குத்திகளை நட்ட அன்றே பெரிய கழுதையொன்று வந்து தலையை நுழைத்து, விலா இடிபட்டுப் பின்வாங்கியது. பெண்கள் கைகொட்டினார்கள். மறுநாள் விடிந்தபோது ஒரு குட்டி உள்ளே நின்றது; வெளியே தாய் கத்திக்கொண்டிருந்தது. இப்போது தெருவே சிரித்தது. சரிபுதீனுக்கு முகம் தொங்கிப்போயிற்று.

மரியம் குட்டியை வெளியே தள்ளிவிட்டு, அதன் நெஞ்சு தன் தொடையில் எவ்வளவு உயரத்துக்கு வருகிறதென்று பார்த்தாள். பிறகு குடத்தோடு நடந்துவந்த ஒருத்தியைப் பார்த்தாள். குடம் இருக்கும் இடுப்பில்தான் அகலம் வேண்டும். கால் போக ஒரு சாண் போதாதா?

"குத்தியளைச் சரிச்சு நடுங்கோ. கீழ ஒடுக்கி, மேல அகட்டி."

சரிபுதீன் எல்லாவற்றையும் பிடுங்கிச் சரித்து நட்டான். குட்டி திரும்ப வந்தது. நெஞ்சு முட்டிக்கொண்டது. கொஞ்சம் யோசித்துவிட்டுத் தாயிடம் போய்விட்டது. ஆசியா உம்மா சேலையை ஒதுக்கிக்கொண்டு, ஒரு துளி சிந்தாமல் வெளியே வந்தார். அடுத்த மாரியில் அந்தத் தெருவில் ஒரு பிள்ளையும் வயிற்றோட்டத்தில் படுக்கவில்லை.

வேலி பார்க்கக் கந்தோரிலிருந்து வந்த ஓவசியர் பரமநாதன், "படலை எங்கே?" என்றார். வாசலுக்குள் போய் வந்தார். இன்னொரு தரம் போய் வந்தார். "ஆர் செய்தது?"

சரிபுதீன் நெஞ்சை நிமிர்த்தினான். "குத்தி நட்டது நான் ஐயா. யோசிச்சது என்ட மனுசி."

அடுத்த வருடம் ஒரு கலியாணத்துக்கு வண்டியில் போகும்போது, உயிலங்குளத்துக் கிணற்றில் கந்தோர் ஆட்கள் போட்டிருந்த அதே வாசலை மரியம் கண்டாள். கன்றுக்குட்டி நுழைந்துவிடுகிறதென்று அங்கே பெண்கள் குறைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். குத்திகளை நேராக நட்டிருந்தார்கள். மரியம் வண்டியை நிறுத்தச் சொல்லி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு இறங்கிப்போய், சரிக்கவேண்டிய விதத்தைக் கையால் காட்டினாள்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும் அக்கா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"இந்த வாசல் என்ட," என்றாள் மரியம்.