மகாராணிக்குச் சாப்பாடு

ஐஸ் பெட்டியின் கண்ணாடி மேல் படிந்த ஈரத்தை அக்கா துண்டால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்தால் தங்கையின் முகம் தெரியும். கையை எடுத்ததும் மறுபடி மங்கும். பின்னாலிருந்து யாரோ தோளைத் தொட்டார்கள்.

"அக்கா, ஒரு நிமிஷம் வெளிய வர்றீங்களா?"

தடித்த கண்ணாடி போட்ட பெண். தொழில்நுட்பக் கல்லூரியில் தங்கையோடு ஒரே மேசையில் ஆராய்ச்சி செய்கிறவள். தங்கை வார்த்தைக்கு வார்த்தை சொல்லும் சோடாபுட்டி இவள்தான். காலையிலிருந்து இதே பாட்டாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். அக்கா பேருந்து நடத்துநர். வழியை மறித்துக்கொண்டு நிற்பவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது.

"என்னம்மா, சொல்றதை இங்கயே சொல்லேன்."

"இங்க முடியாதுக்கா. சார் இருக்கார்."

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவர்களுடைய பேராசிரியர் குனிந்து உட்கார்ந்திருந்தார். காய்ச்சல் என்று விடுதியிலிருந்து வீட்டுக்கு வந்து படுத்தவள் இப்படிக் கிடப்பதை அவராலும் நம்ப முடியவில்லை போல. வருகிறவர்களிடமெல்லாம் "நல்லா படிக்கிற பொண்ணு" என்று மட்டும் சொன்னார்.

பின்புறம், துணி காயப்போடும் இடத்தில் வைத்து சோடாபுட்டி மென்று விழுங்கினாள்.

"நாங்க செல் வளர்ப்போம்க்கா. உடம்புலேர்ந்து எடுத்த செல்லை பாட்டில்ல போட்டு, சூடா வச்சு, சாப்பாடு குடுத்தா அது பாட்டுக்குப் பெருகும். அதுல மருந்து விட்டுப் பாக்கறதுதான் எங்க புராஜெக்ட். விலைக்கு வாங்கின செல் எல்லாம் பூஞ்சை பிடிச்சுப் போச்சு. புதுசு வர மாசக்கணக்காகும்னாங்க. இவ, 'ஏன், நான் இல்லையா'ன்னுட்டா."

"புரியற மாதிரி சொல்லு."

சோடாபுட்டி தன் மேல்கையைத் தொட்டுக் காட்டினாள். "இங்கேர்ந்து கொஞ்சூண்டு தோல். டாக்டருக்குப் படிக்கிற ஒரு ஃப்ரெண்டு எடுத்துக் குடுத்தா. சொந்த செல்லை வளர்க்கவே கூடாதுக்கா. தெரிஞ்சா ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிடுவாங்க. அதனால பாட்டில்ல பேர் எழுதல. மகாராணின்னு எழுதி வச்சோம். நேரத்துக்குச் சாப்பாடு போகணும், சூடு குறையக்கூடாது, அவ்வளவு அதிகாரம் அதுக்கு."

காலையில் உடம்பைத் துடைத்து உடை மாற்றியது அக்காதான். மேல்கையில் பட்டாணி அளவுக்கு ஒரு வடு இருந்தது. போன மாதம் அங்கே பிளாஸ்டரைப் பார்த்துக் கேட்டபோது, கதவில் இடித்துக்கொண்டதாகத் தங்கை கூசாமல் புளுகியிருந்தாள்.

"அது இப்போ..."

"உயிரோடதான் இருக்குக்கா." சொல்லிவிட்டு அந்தப் பெண் உடைந்து அழுதாள். "இன்னிக்குச் சாப்பாடு மாத்தணும். மாத்தலேன்னா செத்துடும். கொட்டிடலாம்னா கை வரல. சார் இங்க இருக்கறப்பவே லேபுக்குப் போனாதான் உண்டு. நீங்களும் வந்து பாத்துச் சொல்லுங்கக்கா."

சித்தப்பா விமானத்திலிருந்து இறங்கி வந்து சேர்ந்ததும் எடுத்துவிடுவார்கள். அதற்குச் சாயங்காலம் ஆகும். "அவ சாமானெல்லாம் எடுத்துட்டு வந்துடறேம்மா" என்று அக்கா சொன்னது பெட்டியோடு ஒட்டி உட்கார்ந்திருந்த அம்மாவின் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

ஆய்வகத்தில் ஆளில்லை. தங்கையின் வெள்ளைக் கோட்டு ஆணியில் தொங்கியது, முழங்கை மடிப்புகள் கலையாமல். சோடாபுட்டி மூலையிலிருந்த அலமாரி போன்ற ஒன்றைத் திறந்தாள். வெதுவெதுப்பான ஈரக்காற்று அக்காவின் முகத்தில் பட்டது. தூங்குகிற குழந்தையிடம் குனிந்தால் வரும் சூடு.

"எவ்வளவு சூடு இது?"

"நம்ம உடம்புச் சூடுதான்க்கா."

உள்ளங்கை அகலத்தில் சப்பையான ஒரு பாட்டில். அடியில் கொஞ்சம் திரவம், மஞ்சளாக இருந்தது. பசி வந்தால் சிவப்புத் திரவம் இப்படி மஞ்சளாகிவிடும் என்றாள் சோடாபுட்டி. நுண்ணோக்கியில் கண்ணை வைத்தபோது முதலில் அக்காவுக்குத் தன்னுடைய இமைமுடிகள்தான் தெரிந்தன. பிறகு தெரிந்தது. மெல்லிய நீண்ட உருவங்கள், ஒரே பக்கம் போகிற மீன்குஞ்சுகளைப் போல. ஒன்று மட்டும் உருண்டு மினுங்கியது.

"அது என்ன?"

"ரெண்டாகப் போகுது."

அக்கா பயந்துபோனாள். வீட்டில் கிடப்பவளைப் பார்த்தபோது வராத பயம். பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு எங்கேயாவது ஓடிவிட வேண்டும் போலவும் இருந்தது. இதையும் பெட்டிக்குள் வைத்து ஒன்றாக அனுப்பிவிட்டால் என்ன? பாதியை அனுப்பிவிட்டுப் பாதியை இங்கே வைத்திருப்பது எந்த ஊர் நியாயம்?

"ப்ளீச் ஊத்திக் கொட்டிடலாம்க்கா. இல்லேன்னா உறைய வச்சுடலாம். வருஷக்கணக்கா அப்படியே இருக்கும்."

"குளிர்லயா?"

"பயங்கரக் குளிர்ல."

"வேணாம். குளிர்ல வச்சது போதும்." அக்கா நுண்ணோக்கியை விட்டு நிமிரவில்லை. "நீ சாப்பாடு போட்டுக்கிட்டே இருந்தா? சாகவே சாகாதா?"

"இல்லக்கா. புற்றுநோய் செல்தான் அப்படி. இது நல்ல செல். கொஞ்ச மாசம் பெருகும். அப்புறம் அகலமா, சோம்பேறியா ஆகும். ஒரு நாள் தானா நின்னுடும். வயசாயிடும், நமக்கு ஆகற மாதிரியே."

"வயசாகுமா?"

"ஆகும்க்கா."

எங்கோ ஒரு மோட்டார் நின்று மறுபடி ஓடத் தொடங்கியது.

"அப்போ ஆகட்டும்" என்றாள் அக்கா. "அதையாவது பாக்கட்டும் அவ. நீ மாட்டிக்குவியா?"

"மாட்டினா மாட்டிக்கறேன்."

சோடாபுட்டி கையுறை போட்டுக்கொண்டு பழையதை உறிஞ்சி எடுத்தாள். சிவப்பாகப் புதியதை மெதுவாக விட்டாள். அழுத கண்தான், ஆனால் கை நடுங்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் விடேன்."

"அதிகமாப் போனா ஆகாதுக்கா."

சாயங்காலம் எடுத்தார்கள். தெருவே அழுதது. அக்கா அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று யாரோ முணுமுணுத்தது அவளுக்கும் கேட்டது. முழுதாகப் போகாத ஒருத்தியை எப்படி வழியனுப்புவது என்று அவளுக்குத் தெரியவில்லை. பேராசிரியர் கிளம்பும்போது அவள் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

இரண்டு நாளில் வீடு காலியாகிவிட்டது. வந்தவர்கள் போய்விட்டார்கள், வாடகை நாற்காலிகளும் போய்விட்டன. அம்மா கூடத்தில் சுவரில் சாய்ந்திருந்தாள். முன்னால் வைத்த சோறு காய்ந்துகொண்டிருந்தது. கெஞ்சிப் பார்த்து, அதட்டிப் பார்த்து, அக்கா ஓய்ந்துபோயிருந்தாள். கைப்பேசி சிணுங்கியது.

'மகாராணி சாப்பிட்டாச்சு.'

அக்கா அதை ஒரு தடவை படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

"யாருடி?" என்றாள் அம்மா. அன்றைக்கு அவள் பேசிய முதல் வார்த்தை அது.

"அவ ஃப்ரெண்டு. கண்ணாடி போட்ட பொண்ணு வந்திருந்தாளே."

"என்னவாம்?"

அக்கா கைப்பேசியைத் தரையில் கவிழ்த்து வைத்தாள்.

"சாப்பிட்டீங்களான்னு கேக்கறா."

அம்மா கவிழ்ந்திருந்த கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"சாப்பிடறோம்னு சொல்லு."